பதினேழு கூடை மண்

சோழர் காலத்தில் மிளகாய் பஜ்ஜி கிடையாது. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன். மிளகாய் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தது பின்னால்தான். அதற்கு முன் காரம் வேண்டியவர்கள் மிளகை இடித்துக்கொண்டார்கள். எல்லாம் தொடங்கியது இந்த ஒரு செய்தியிலிருந்துதான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் நேற்று என்னிடம் கேட்டு எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். நிகழ்ச்சிகள் முன்னுக்குப் பின் மாறிக் கிடந்தன. ஆகவே நானே எழுதித் தருகிறேன். என் பெயர் ஹேமாவதி. வயது எழுபத்திரண்டு. பத்திரப்பதிவு அலுவலக ஆவண அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு கட்டுகூட இடம் மாறி அடுக்கப்பட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு, பழைய எழுத்துகளைப் படிப்பதற்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தேன். முகப்பேரில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் தனியாக வசிக்கிறேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு ஐந்து பேர் கூடுவார்கள். எல்லோரும் முப்பது வயதைக் கடந்தவர்கள். பொறுப்பான வேலைகளில் இருப்பவர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். விளையாட்டு அவ்வளவுதான். ஓடுவது கிடையாது, பந்து கிடையாது, ஆனால் சத்தம் உண்டு.

அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லத்தான் நான் முதலில் போனேன். கதவருகே நின்றபோது, கதை நடத்திக்கொண்டிருந்த லோகேஷ் என்பவர், சோழர் படைவீரர்கள் நால்வர் ஒரு சத்திரத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவதாகச் சொன்னார். நான் உள்ளே சென்று திருத்தினேன்.

"அப்போ இன்னா மேடம் சாப்டுவாங்க?" என்று அவர் கேட்டார்.

அதிரசம் என்றேன். குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதலில் பிழை பார்ப்பவளாக இருந்தேன். இரண்டு மாதங்களில் கதை நடத்தும் பொறுப்பே என்னிடம் வந்தது. நான் கேட்டுப் பெறவில்லை. லோகேஷ் ஒரு வாக்கியம் சொன்னால் நான் மூன்று திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது; ஒரு நாள் அவரே பகடைகளை என் பக்கம் தள்ளி, "நீங்களே நடத்துங்க மேடம், எனக்குப் பரீட்சை எழுதற மாதிரியே கீது," என்றார். நான் ஏற்றுக்கொண்டு இரண்டு சீர்திருத்தங்கள் செய்தேன். கதைக்காலத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன் என்று இறக்கினேன். இனி அவர்கள் முறைப்படி பஜ்ஜி சாப்பிடலாம். கதை நிகழும் இடத்தை இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு மாற்றினேன். இல்லாத நாட்டு மலைகளும் பறக்கும் பல்லிகளும் எதற்கு? ஆவடியைச் சுற்றி இத்தனை ஏரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மதகு, மிகைநீர் வழியும் கலங்கல், காவல் தெய்வம் என்று ஏதாவது இருக்கும். ஆனால் ஒரு விதி வைத்தேன். ஆதாரம் இல்லாத எதுவும் ஆட்டத்துக்குள் வரக் கூடாது.

ஆட்டத்துக்கு வேண்டிய வரைபடங்களை வரைபவர் பூந்தமல்லியிலிருந்து வரும் ஜமீலா. வீடு கட்டும் நிறுவனமொன்றில் கட்டட வரைபடம் போடுபவர். கோதண்டத்தைக் கூடத்துக்கு அழைத்து வந்தவர் அவர்தான்.

கோதண்டம் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் திறந்துவிடுபவர். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, ஒவ்வொரு தொகுதிக்கும் வால்வைத் திறந்து மூடுவார். ஐம்பத்தெட்டு வயது. கோவில்பதாகைக்குப் பக்கத்திலிருந்து டி.வி.எஸ். வண்டியில் வருவார். அவருடைய முன்னோர்கள் அந்தப் பக்கத்து மேட்டுச் சித்தேரிக்கு மதகு காத்தவர்கள். அவர் சொன்ன கதையை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன், கன்னியப்பன்னு பேரு. பெருவெள்ளம் வந்துச்சாம். மதகுப் பலகை ஒடஞ்சு தண்ணி பிச்சுகினு போவுது. கரை இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ஊரே ஓடிப்போச்சு. இவரு மட்டும் முண்டாசை அவுத்து வெச்சுட்டு உள்ள பூந்தாரு. தன் ஒடம்பையே வெச்சு ஓட்டையை அடைச்சுட்டாரு மேடம். ஏரி நின்னுச்சு. அவரு வரல."

ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கோதண்டத்திடம் ஆவணம் ஏதேனும் உண்டா என்று கேட்டேன்.

"ஆவணம்னா?"

"கல்வெட்டு, பட்டயம், கணக்கரின் ஏடு, குறைந்தது ஒரு பழைய மனு."

"மதகாண்ட, பனைமரத்துக்குக் கீழ, மூணு செங்கல்லு வெச்சு மஞ்சள் பூசிக் கும்புடுறோம். ஆடியில கருவாட்டுக் கொழம்பும் சுருட்டும் வெச்சுப் படைப்போம்."

"அது வழிபாடு. ஆதாரம் வேறு."

"ஏரி நிக்குதே மேடம். அது போதாதா?"

போதாது என்று விளக்கினேன். ஏரிகள் பல காரணங்களால் நிற்கும். குறிப்பேட்டில் அந்தக் கதைக்கு எதிரே, செவிவழிச் செய்தி, தள்ளுபடி என்று எழுதினேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மாலைத் தண்ணீருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

ஆனால் சித்தேரி எனக்குத் தேவைப்பட்டது. ஏரி நின்றது என்பதில் விளையாட ஒன்றுமில்லை. ஏரி உடைந்தால்தான் பாத்திரங்களுக்கு வேலை. ஆகவே கரையை உடைத்தேன். யாரால் உடைந்தது என்பதற்கு ஆறு பேர் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன்: மணியக்காரர், கணக்கர், நெல் வணிகர், படைத்தலைவன், மதகு காப்போன், மழை. மழைக்கும் சம வாய்ப்பு அளித்திருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆறு முகப் பகடையை எல்லோர் முன்னிலையிலும் உருட்டினேன். ஐந்து விழுந்தது.

"மேடம், வேணாம் மேடம்," என்றார் ஜமீலா. "அந்த மனுஷன் உசுரக் குடுத்தவரு. அவரையே வில்லனாக்கறீங்களே."

"நான் ஆக்கவில்லை. பகடை ஆக்கியது."

"வேற பேராவது வெக்கலாம்ல?"

பெயரை மாற்றினால் கதை கற்பனையாகிவிடும் என்றேன். அப்போது லோகேஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். "நல்லா கீது மேடம் நியாயம். கோதண்டம் அண்ணாத்தே கதைக்கு ஆதாரம் இல்லன்னு தள்ளிட்டீங்க. உங்க கதைக்கு மட்டும் இன்னா ஆதாரம் கீது? அந்த நோட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது. என் கதைக்கும் ஆதாரம் இல்லை. நான் வகுத்த விதியை நானே மீறியிருந்தேன். வேறொருவராக இருந்தால் கதையைக் கைவிட்டிருப்பார். ஆவண அறையில் ஒரு தாள் குறைந்தால் கட்டு முழுவதையும் தூக்கி எறிவதில்லை; குறைந்த தாளைத் தேடிச் சேர்ப்போம். ஒரு மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே செய்வித்தேன்.

பூந்தமல்லியில் அன்வர் பாஷா என்று ஒருவர் கல்லில் எழுத்து வெட்டுபவர். கல்லறைகளுக்கான மீசான் கற்களும் திறப்பு விழாக் கற்களும் செய்கிறார். கை சுத்தமானவர். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"யாருக்கும்மா மவுத்து?"

"யாருக்கும் இல்லை. ஒரு விளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்கு இவ்ளோ பெரிய கல்லா?" பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். "புள்ளியே இல்லாம எழுதிக் குடுத்துகீறீங்களே. அப்பால தப்புன்னு என் தலையில கட்டுவீங்க."

"அந்தக் காலத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள்."

"எந்தக் காலத்துலம்மா? நேத்துதானே எழுதினீங்க."

இருந்தாலும் வெட்டிக் கொடுத்தார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கல்லின் வாசகம் இது: இவ்வூர் மதகு காக்கும் கன்னியப்பன் பொருளாசை கொண்டு மதகைத் திறந்துவிட, கரை உடைந்து ஊர் அழிந்தது, இவன் வழியில் வந்தோர் ஆடிதோறும் பதினேழு கூடை மண் சுமந்து கரையில் இடுவாராக. கூடைகளின் எண்ணிக்கையை இருபது முகப் பகடை தீர்மானித்தது. ஆட்டத்தில் கரைக்கு வலிமை ஏற ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காகத்தான் மண். இருபது வரை விழ வாய்ப்பிருந்தது. மூன்று குறைந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம்.

கல் ஆறு வாரங்கள் எங்கள் மொட்டை மாடியில் இருந்தது. நாள்தோறும் புளித்த மோரும் சாணக் கரைசலும் பூசினேன். பாசி நன்றாகப் பிடித்தது. எதிர்வீட்டு அம்மாள் துவைக்கும் கல் என்று நினைத்து, ஒரு நாள் அதன் மேல் வடாம் பிழிந்துவிட்டார். மூன்றாம் வரியில் ஒட்டிக்கொண்டதைச் சுரண்டி எடுக்க ஒரு காலைப் பொழுது போயிற்று.

சித்திரையில் சித்தேரிக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. மண் அள்ளும் இயந்திரம் ஓட்டியவரிடம், அளவைக் கல் ஒன்று புதைக்க வேண்டும் என்று சொன்னேன். அளவைக் கல்லில் இத்தனை எழுத்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் பேசினால் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. இடம் மட்டும் சற்றுச் சிக்கலாக இருந்தது. ஜமீலாவின் வரைபடத்தில் கல் இருக்க வேண்டிய கட்டம் மதகுக்குப் பக்கத்தில், பனைமரத்தடியில் வந்தது. அங்கே மூன்று செங்கற்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் சூளையின் முத்திரை இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை அல்ல. சான்று மதிப்பு எதுவும் இல்லை. பையில் போட்டு எடுத்து வந்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதிர்வு குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்டால் ஒப்படைக்கத் தயார். வேறு ஏதாவது முட்டுக் கொடுக்க அவகாசம் மட்டும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கூடத்தில், ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அறிவித்து, கல்லின் படத்தை மேசைமேல் வைத்தேன். ஜமீலா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ கெடச்சுது மேடம்?"

"சென்ற வாரம்."

"எப்போ செஞ்சீங்க?"

கேள்வி கதைக்குத் தொடர்பற்றது என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினேன். அதற்கு அடுத்த ஞாயிறு ஐவரும் வரவில்லை. பின்னரும் வரவில்லை. ஆட்டத்தைப் பாதியில் விடுவது முறையன்று என்பதால், எட்டு ஞாயிறுகள் நானே ஐவருக்காகவும் பேசி, ஐவருக்காகவும் பகடை உருட்டினேன். லோகேஷின் படைவீரர் இறந்துபோனார். நேர்மையாகத்தான் உருட்டினேன்.

ஆடி முதல் ஞாயிறு காலை கோதண்டத்திடமிருந்து தொலைபேசி வந்தது. படையல் வைக்கப் போனவர் செங்கற்களைக் காணாமல், மண் போட்டபோது புதைந்திருக்கும் என்று தோண்டியிருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், கல்லு மேடம். எழுத்துக் கல்லு. எங்க பாட்டன் பேரு போட்டுகீது, அது மட்டும் எனக்கே படிக்க வருது. நீங்க கேட்டீங்கள்ல, ஆதாரம்? கெடச்சுடுச்சு மேடம். நீங்கதான் வந்து படிக்கணும். ஊரே நிக்குது."

ஆட்டோ பிடித்துப் போனேன். உண்மையிலேயே ஊர் நின்றது. கல்லைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். கோதண்டம் வெள்ளை வேட்டி கட்டி, கையில் படையல் தட்டோடு முன்னால் நின்றார். அவருடைய மகள் தேவிப்பிரியா தட்டு சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் படித்தேன். ஒரு வரியை விட்டுப் படித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆவணத்தில் உள்ளதை விட்டுப் படிப்பது குற்றம். ஒரு சொல் விடாமல் இரண்டு முறை படித்து, பொருளும் சொன்னேன்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர், "இன்னா கோதண்டம், உங்க ஆளு அடைச்சாருன்னு சொல்லிகினு இருந்தே. தொறந்து வுட்டவரா?" என்றார்.

"வருஷா வருஷம் இவனுக்குத்தான் மொதல் மரியாதைன்னு துண்டு போட்டோமே," என்றார் இன்னொருவர். "ஊரை முழுகடிச்சவன் ஊட்டுக்கு."

கோதண்டம் என்னைப் பார்த்தார். "திருப்பிப் படிங்க மேடம். வேற மாரி எதுனா இருக்கப்போவுது."

மூன்றாம் முறையும் படித்தேன். கல் அதையேதான் சொன்னது. படையல் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று முதல் மரியாதை யாருக்கு என்று குழப்பம் வந்தபோது, கல்லைப் படித்துச் சொன்னவர் என்ற வகையில் துண்டை எனக்குப் போட்டார்கள். மறுப்பது ஒழுங்கைக் குலைக்கும் என்பதால் ஏற்றுக்கொண்டேன்.

செய்தி எங்கள் குடியிருப்புக்கும் வந்துவிட்டது. பரம்பரையாகத் தண்ணீரைத் திறந்துவிட்டவரிடம் வால்வுச் சாவி இருக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இன்னொருவர், சென்ற மார்கழியில் மேல்தொட்டி வழிந்ததை நினைவூட்டினார். சாவியைத் திரும்பப் பெறுவது என்று தீர்மானம் நிறைவேறியது. நான் வாக்களிக்கவில்லை, நடுநிலை வகித்தேன். தீர்மானத்தின் நடையை மட்டும் செப்பம் செய்து கொடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இடுப்பில் தொங்கிய சாவியைக் கோதண்டம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தேவிப்பிரியா என் வீட்டுக்கு வந்தார். ஆவடியில் சமையல் மேடைக்குக் கல் அறுத்து விற்கும் கடையில் வேலை செய்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கல்லோட அடிப்பக்கம் பாத்தேன். அது உளி போட்ட கல்லு இல்ல, பிளேடு போட்ட கல்லு. தெனம் நாப்பது கல்லு பாக்கறேன் நானு. எரநூறு வருஷத்துக்கு முன்னாடி மிஷினு இருந்துச்சா மேடம்?"

அடிப்பக்கத்தை நான் சரிபார்க்கவில்லை. என் தரப்பில் நிகழ்ந்த ஒரே குறை அதுதான்.

"அவரு பேரை எடுக்கறதுல உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்றார். "எங்கப்பாவுக்கு வேற இன்னா கீது, சொல்லுங்க. நெலம் போச்சு. ஏரியில பாதி போச்சு. அந்த ஒரு பேருதான் இருந்துச்சு."

அவர் குரலை உயர்த்தினார். நான் உயர்த்தவில்லை. மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் இப்போது விசாரிக்கும் மனு அதுதான். தேதியும் பொருளும் இல்லாமல் எழுதியிருந்தார். இரண்டையும் நான்தான் சேர்த்துக் கொடுத்தேன்.

ஆகவே, கல்லைச் செய்வித்தவள் நான். புதைத்தவள் நான். கன்னியப்பன் மதகைத் திறந்தார் என்பதற்குப் பகடையில் விழுந்த ஐந்தைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. செங்கற்களை எடுத்ததும் நான்தான். இவற்றை எந்த வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. அதைச் சேர்க்காவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது.

நேற்று முன்தினம், ஆடி நான்காம் ஞாயிறு, சித்தேரிக்குப் போனேன். கோதண்டம் மண் சுமந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்குக் கட்டுப் போட்டிருந்தார். ஊரார் கரைமேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது கூடை மண்ணைக் கொட்டியபோது அவர் அருகே சென்று, உள்ளதைச் சொன்னேன். இந்தக் கல்லை நான்தான் பூந்தமல்லியில் செய்வித்தேன், ஒரு விளையாட்டுக்காக, என்றேன். அருகில் நின்ற தேவிப்பிரியா, "கேட்டியா நைனா, அவங்க வாயாலயே சொல்றாங்க. கூடையைப் போடு," என்றார்.

கோதண்டம் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க படிச்சவங்க மேடம். எனக்கே ஆதாரம் இல்லாம ஒண்ணும் எழுத முடியாதுன்னு சொன்னவங்க. எதுவுமே தெரியாமயா கல்லுல எழுதுவீங்க? நாங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்போ மாத்திச் சொல்றீங்க. எனக்குப் புரியுது."

மீதி ஐந்து கூடைகளையும் சுமந்து முடித்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, ஊரார் முன்னிலையில் என் எதிரே கைகூப்பி நின்றார். தன் பாட்டனுக்குப் பாட்டன் செய்த பாவத்துக்கு, அவர் வழியில் வந்த கடைசி ஆண்பிள்ளை என்ற முறையில், தன்னை மன்னித்துவிடும்படி கேட்டார். தேவிப்பிரியா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தார், அவர் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்நெஞ்சக்காரி அல்லள். மன்னித்துவிட்டேன்.